கிளீமோஸ்கோப்: ரேடியோ அலையில் வானம் பார்க்க நினைப்பவர்களுக்கு

வெடித்துப்போன நட்சத்திரங்களின் மிச்சத்தைப் பார்க்க ஆசையிருந்தால், டெலஸ்கோப் வாங்கக் கிளம்பும் முன் கிளீமோஸ்கோப் என்ற இணையதளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் இக்ரார் ஆய்வு மையம் இலவசமாகத் தருவது. முழு வானப் படம், கூடவே அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளி, ரேடியோ அலை என்று மாற்றிக் காட்டும் ஒரு நகர்த்துபட்டை, அவ்வளவுதான்.

அந்தப் பட்டையை ரேடியோ பக்கம் இழுத்ததும் நமக்குப் பழக்கமான நட்சத்திரங்கள் எல்லாம் காணாமல் போய்விடும். அங்கே தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை தொலைதூர கேலக்ஸிகள். பால்வீதியை ஒட்டி வட்டம் வட்டமாக, சில இடங்களில் கிழிந்த வளையமாகத் தெரிகிறதே, அவற்றில் பலவும் சூப்பர்நோவா எச்சங்கள், அதாவது வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்கள். நான் அதிக நேரம் உட்கார்ந்தது வேலா என்ற எச்சத்தில்தான். வெடித்துச் சுமார் 11,000 ஆண்டுகள் ஆகின்றன, 16 நிலவுகளை வரிசையாக வைத்த அகலம் இருக்கும், ஆனாலும் வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. ரேடியோவில் வளைவு வளைவாகப் பரந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில் சின்னதாக, பளிச்சென்று இருப்பது பப்பிஸ் ஏ என்ற இன்னொரு எச்சம். பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் அது பல மடங்கு தள்ளி இருக்கிறது.

இத்தனை காலத்துக்குப் பிறகும் அலை வருவது எப்படி? வெடிப்பின் அதிர்ச்சி அலையில் வேகமேறிய எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்றுகொண்டே ரேடியோ அலையை உமிழ்கின்றன. அதிர்வெண் குறையக் குறைய அது பலமாகும். இந்தப் படத்தில் குறைந்த அதிர்வெண்ணுக்குச் சிவப்பு, நடுவில் பச்சை, அதிகத்துக்கு நீலம் என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் புது நட்சத்திரங்கள் சூடாக்கிய வாயு நீலமாகவும் எச்சங்கள் செம்மஞ்சளாகவும் பிரிந்து தெரிகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், பாடமாகப் படித்தபோது மண்டையில் ஏறாதது இங்கே பார்த்ததும் புரிந்துவிட்டது.

இதற்கான தரவை எடுத்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பாலைநிலத்திலுள்ள எம்.டபிள்யூ.ஏ. ரேடியோ தொலைநோக்கி. பெரிய கிண்ணமெல்லாம் கிடையாது, தரையில் சிலந்திபோல் நிற்கும் ஆயிரக்கணக்கான ஆன்டெனாக்கள், 72 முதல் 231 மெகாஹெர்ட்ஸ் வரை. இதே தரவிலிருந்து 2019-இல் 27 புதிய எச்சங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

குறை என்றால், தெற்கிலிருந்து எடுத்ததால் வடவானத்தில் ஏறக்குறைய பாதி ரேடியோவில் கிடையாது, அங்கே இருக்கும் புகழ்பெற்ற எச்சமான காசியோப்பியா ஏ-வைத் தேடாதீர்கள். ரொம்ப ஜூம் செய்தாலும் மங்கிவிடும், நிலவின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் இதன் துல்லியம். நண்டு நெபுலா போன்ற சின்ன எச்சத்தில் உள்விவரம் எதிர்பார்க்க முடியாது. வேலா மாதிரிப் பெரியதைப் பார்க்க இது தாராளம். போனைவிடப் பெரிய திரையில், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.