துடிப்பை எண்ண: 300 முறையா, 6 விநாடி முறையா?

ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்சுகள் இசிஜி தாளைக் கையில் வாங்கியதும் குழம்புவது இதில்தான். விநாடிக்கு 25 மி.மீ. ஓடும் தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. இரண்டு முறைக்கும் அதுதான் அடிப்படை.

வேகம்
300: அடுத்தடுத்த இரண்டு ஆர் உச்சிகளுக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் தெரியும் கூர்மையான முனை) நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து, 300ஐ அதால் வகுக்கலாம். நான்கு என்றால் நிமிடத்துக்கு 75.
6 விநாடி: 30 பெரிய கட்டங்களுக்குள் உள்ள க்யூஆர்எஸ்களை (ஒரு துடிப்பைக் காட்டும் கூரிய அலைத் தொகுப்பு) எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவை.

துல்லியம்
300: சீரான துடிப்புக்கு அருமை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலை) காலை வாரிவிடும். ஒரு இடைவெளி 2 கட்டம், அடுத்தது 5. விடை 150ஆ, 60ஆ?
6 விநாடி: அதே தாளில் 9 துடிப்பு இருந்தால் சராசரி 90. என்ன, விடை பத்துப் பத்தாகத்தான் வரும்.

தாளம் சீராக இருந்து அவசரமும் என்றால் 300. தாறுமாறாக ஓடினால் யோசிக்காமல் 6 விநாடி. அப்புறம், மானிட்டர் எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். க்யூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் டி அலை உயரமாக இருந்தால், சில நேரம் அதையும் மானிட்டர் துடிப்பாக எண்ணிவிடும். திரையில் 140, நாடியில் 70 இருக்கும்.