பெரியம்மா வீட்டுப் பழைய இரும்புப் பைப்

இந்த முறை மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆடி அமாவாசைக்கு முதல் கிழமையே மட்டக்களப்புக்குப் போய்விட்டேன். தங்கியது புளியந்தீவில், பெரியம்மா வீட்டில். அம்மப்பா 1950களில் கட்டிய வீடு. 1978 சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தும் சுவர் அசையவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். படலையைத் திறந்ததுமே நாற்றம் விறாந்தை வரைக்கும் வந்து நின்றது.

பெரியம்மாவுக்கு முழங்கால் மடிக்க ஏலாது. கொமட் இல்லாமல் முடியாது. அந்தக் கொமட்டின் பின்னால் சுவரடியில் ஒரே ஈரம். மூன்று மாதமாக பினாயில் ஊற்றி ஊற்றிச் சமாளித்திருக்கிறார். இரவில் அவசரம் வந்தால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். "உனக்கு ஏன் மனே அங்க இருந்து கவலை" என்று போனில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

ஏற்கெனவே ஒருவர் வந்து, கழிவு போகும் பழைய இரும்புப் பைப்பில் மூன்று தடவை சீமெந்து பூசிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் காசு. ஒவ்வொரு தடவையும் இரண்டு கிழமையில் அதே ஈரம். சீமெந்து இரும்புக் கறள் மேல் ஒட்டாது. ஒட்டினாலும் வளையாது. மணல் நிலத்தில் நிலமும் பைப்பும் மயிரிழை அசைந்தாலே வெடித்துவிடும். இதை யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. வயது போன பெண் தனியாக இருக்கும் வீட்டில் இப்படி வேலை செய்வது பெரிய அநியாயம்.

பிறகு சொந்தக்காரர் ஒருவர் கல்லடியில் இருந்து ஒரு அண்ணனைக் கூட்டிவந்தார். அறுபது வயதிருக்கும், பழைய கட்டடங்களில் இரும்புப் பைப் வேலை பார்த்து வளர்ந்தவர். வந்ததும் சாமான் எதையும் எடுக்கவில்லை. சுவருக்கு வெளியே மண்ணைத் தோண்டி, ஸ்பானரால் பைப்பைத் தட்டிக்கொண்டே போனார். கொமட் பக்கம் தட்டியபோது நனைந்த பலகை போலச் சத்தம். இரண்டடி தள்ளித் தட்டியபோது கோயில் மணி போல ஓர் அதிர்வு. "இந்த இடம் வரைக்கும்தான் தம்பி செத்திருக்கு. அங்கால உயிர் இருக்கு" என்றார். ஸ்குரூ டிரைவரை மெதுவாக அமத்தினார், பைப்பின் அடிப்பக்கம் பிஸ்கட் போல உதிர்ந்தது.

காஸ்ட் அயன், அதாவது வார்ப்பிரும்பு, வெளியே பார்க்கக் கல்லுப் போல இருக்கும். உள்ளே கழிவில் இருந்து கிளம்பும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மேல்பக்கத்தைத் தின்னும். ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீர் அடிப்பக்கத்தைத் தின்னும். அந்தக் காலத்தில் ஒரு பைப்பின் அகன்ற வாய்க்குள் மற்றதைச் செருகி, சணல் கயிற்றை அடித்து இறுக்கி, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பைப்பில் அந்த ஈய வளையம் அப்படியே இருந்தது. அதைக் கழற்றிய அண்ணன் ஒரு துகள் விடாமல் பேப்பரில் கூட்டி எடுத்தார். கிணறு பக்கத்தில் இருக்கிறது, ஈயம் நஞ்சு என்றார்.

அடுத்தது, பழைய இரும்பையும் புதிய பிளாஸ்டிக்கையும் எப்படிப் பொருத்துவது? அண்ணன் பைப்பைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தார். 36 சென்ரிமீற்றர். 3.14ஆல் பிரித்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 115 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பைப் 110. இரண்டையும் கவ்விப் பிடிக்க, துருப்பிடிக்காத கிளிப் போட்ட தடித்த ரப்பர் சிலீவ் வேண்டும். டவுனிலும் காத்தான்குடியிலும் ஏறி இறங்கினோம். பைப்பும் பெண்ட் என்கிற வளைவுத் துண்டும் உடனே கிடைத்தன. அந்த சிலீவ் மட்டும் இல்லை. நல்ல காலம், மச்சான் நாலு நாளில் லண்டனில் இருந்து வரவிருந்தான். நூல் அளவைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு வாங்கிவந்தான்.

வெட்டும் நாள் கூடவே நின்றேன். முதலில் நல்ல பக்கத்துப் பைப்பின் கீழே செங்கல் முட்டுக் கொடுத்தார். இந்த இரும்பு வெடுக்கென்று உடையும் சாதி, சுத்தியல் படக்கூடாது. கிரைண்டரால் சுற்றிவர மெல்ல மெல்ல வெட்டினார். வெட்டு வாயில் பழந்துணியை அடைத்து வைத்தார், வாயுவும் வராது, துண்டுகளும் உள்ளே விழாது. விளிம்பை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கிய பிறகே சிலீவை ஏற்றி, இரண்டு பக்கக் கிளிப்பையும் மாறி மாறி இறுக்கினார். கொமட்டின் வாய்க்கும் பெண்டுக்கும் இடையில் மடிப்பு வைத்த ரப்பர் கொனெக்டர். சீமெந்து ஒரு சொட்டும் இல்லை. சரிவு ஓர் அடிக்குக் கால் அங்குலம், மட்டம் வைத்தே பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்த சோதனைதான். பெரியம்மா வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை வாங்கி சிஸ்டனுக்குள் கரைத்து, பத்துத் தடவை பிளஷ் பண்ணச் சொன்னார். பிறகு வெள்ளைக் காகிதத்தால் மூட்டு முழுவதையும் துடைத்துக் காட்டினார். காகிதத்தில் நீலம் ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியும் கிடங்கை மூடவில்லை. ஓர் இரவு திறந்தே விட்டு, காலையில் திரும்பப் பார்த்த பிறகுதான் மணலைப் போட்டு, தூக்கி எடுக்கக்கூடிய ஒரு சிலாப்பால் மூடினார்.

கிணறும் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. குடிப்பது உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர் என்றாலும் குளிப்பு, கழுவல் எல்லாம் கிணற்றில்தான். நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கும் மணல் ஊரில் மூன்று மாதக் கசிவு எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பி.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், போய்க் கேட்டோம். பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன அளவில் குளோரின் தூள் போட்டு, அப்படியே ஊறவிட்டு, பிறகு கிணற்றை இறைத்தோம். ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த இறைப்பை மட்டும் தயவுசெய்து தவறவிட வேண்டாம்.

இரண்டு நாள் வேலை. நாளுக்கு 5,000 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்தபோது மறுத்துவிட்டு, கையில் மிஞ்சியிருந்த மற்ற சிலீவைப் பார்த்தார். "இத எனக்குத் தாறீங்களா தம்பி? அடுத்த ஒழுங்கையில ஒரு டீச்சரம்மா தனிய இருக்கா. அவட வீட்டிலயும் இதே பைப்தான், வாளி வச்சுச் சமாளிக்கிறா."

அன்று பின்னேரமே நூலும் கையுமாக அந்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் 36 சென்ரிமீற்றர்தான்.