பழைய பேண்ட் சோ வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க, எனக்கு 285,000 ரூபா போச்சு

பேண்ட் சோன்னா மேலயும் கீழயும் இருக்கிற ரெண்டு வீல்ல நாடா மாதிரி சுத்தி ஓடுற வாள் மெசின். இன்னைக்குத்தான் நான் வாங்கினதுல வீல் மேல போட்டிருக்கிற ரப்பர கழட்டிப் பாத்தேன், வயிறு எரியுது, அந்தச் சூட்டோடயே எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

ஹட்டன் பக்கம் சின்னதா ஒரு தச்சுப் பட்டறை வெச்சிருக்கேன். கதவு நிலை, ஜன்னல், கதிரை, மேசைன்னு செய்யிறோம். வளைவு வெட்டவும் தடிச்ச கட்டைய பிளக்கவும் ஒரு பேண்ட் சோ இருந்தா வேல எவ்வளவோ லேசு, ஆனா புது மெசின் வெல நம்மளால கிட்ட போக முடியாது, அதனால ஒன்லைன்ல ஒரு விளம்பரத்த பாத்துட்டு கொழும்புப் பக்கம் வெளிநாட்டுப் பாவிச்ச மெசின் எறக்கி விக்கிற ஒரு யார்டுக்குப் போனேன். பேரு போடல. முறைப்பாடு குடுத்திருக்கேன், அது முடியட்டும்.

போன உடனே மொதலாளி, "அண்ணே நானும் பண்டாரவளையில படிச்சவன்தான், நம்ம ஆளுக்குப் பழுதான சாமான் குடுப்பனா"ன்னு கதிரை போட்டு பிளேன்டீ குடுத்தாரு. 16 இஞ்சி வீல், வார்ப்பிரும்பு மேசை, புதுசா பச்ச பெயின்ட். ஓட விட்டாரு. அப்புறம் சட்டப் பையில இருந்து ஒரு அஞ்சு ரூபா குத்திய எடுத்து, அதிர்வே இல்லன்னு காட்ட ஓடுற மெசினோட மேசையில நட்டமா நிறுத்தினாரு. குத்தி அசையல. மெசின் ஓடுது, குத்தி அப்படியே நிக்குது. ஒரு பொடியன் வந்து மெல்லிசா ஒரு அல்பீசியா பலகைய, அது மெதுவான மரம், தள்ளினான், சும்மா வழுக்கிட்டுப் போச்சு. அந்தக் குத்திய பாத்துத்தான் நான் நம்பினேன், தச்சு வேல தெரிஞ்ச எவனும் நம்புவான். வீட்டுக்காரி நகைய ஈடு வெச்ச காசும் சீட்டுக் காசும் சேத்து 285,000 ரூபா எண்ணிக் குடுத்தேன். லொறிக் கூலி தனி.

பட்டறையில பூட்டி சும்மா ஓட விட்டா ஒன்னும் தெரியல. முக்கால் இஞ்சி பிளேட் போட்டு நல்லா டைட் குடுத்து டர்பன்டைன்னு சொல்ற கெட்டி மரக் கட்டைய வெச்சதுதான், டக் டக்னு அடி, பிளேட் வீல் மேல முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருது, பின்னால இருக்கிற பேரிங்ல முட்டிப் பொறி பறக்குது, வெட்டு கோட்ட விட்டு வலப்பக்கம் ஓடுது. ஒருக்கா பிளேட் கழண்டு கவருக்குள்ள அடிச்சப்ப மகன் பக்கத்துல நின்னான். என் உசுரே போச்சு.

யார்டுக்கு அடிச்சா, "பிளேட் சரியில்லண்ணே, நல்ல பிளேட் போடுங்க". நல்ல பிளேட் போட்டாச்சு, அதே அடி. திருப்பி அடிச்சா "உங்க ஊர்ல வோல்டேஜ் பத்தாது". வோல்டேஜ் பத்தாட்டி மோட்டர் தெணறும், வீல் ஒவ்வொரு சுத்துக்கும் கணக்கா அடிக்குமா? அப்புறம், "கித்துல்கல, கினிகத்தேனை வளைவுல லொறி ஆட்டிட்டு வந்திருக்கும், லொறிக்காரன கேளுங்க". கடைசியில "அத வித்த பொடியன் வேலைய விட்டுட்டான்". காசு எண்ணி வாங்கினது பொடியனா?

வெட்டு ஒரு பக்கம் இழுத்தா பெரும்பாலும் பல்லு அந்தப் பக்கம் கூட விரிஞ்சிருக்கும், இல்லாட்டி டைட் பத்தாது. அது ரெண்டும் இல்ல. பிளேட் விலகாம புடிக்கிற கைட் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சேன், மேல் வீலோட சரிவயும் திருப்பிப் பாத்தேன், நிக்கல. பிளக்க கழட்டிட்டு பிளேட்டோட ரெண்டு நுனியும் சேத்து ஒட்டின எடத்துல சோக்கால ஒரு கோடு, ரெண்டு வீல்லயும் ஒவ்வொரு கோடு போட்டு கையால மெதுவா சுத்தினேன். ஒட்டுல கோளாறுன்னா பிளேட் முழுசா ஒரு சுத்து வர்றதுக்கு ஒரு தரந்தான் அசையணும். அதுக்குள்ள வீல் ரெண்டு சுத்துக்கு மேல சுத்திரும். இங்க அசைவு வந்தது மேல் வீல் கோடு உச்சிக்கு வர்ற ஒவ்வொரு தடவையும்.

அந்த வீல் ரப்பர கத்தியால கீறி எடுத்தேன். வீல் நடுவுல இருந்து போற ஆரக்கால் வெளி வளையத்தோட சேர்ற எடத்துல வார்ப்பிரும்பு வெடிச்சு, பித்தள ஊத்தி ஒட்டி, மேல கார் பொடியில பள்ளம் அடைக்கப் பூசுற பட்டியத் தேச்சு பெயின்ட் அடிச்சிருக்கானுங்க! பட்டிய சொரண்டினா வெடிப்புக்குள்ள நகம் எறங்குது. அங்க எனக்குக் காட்டினப்ப ஒடுக்கமான பிளேட்ட தொளதொளன்னு போட்டு ஓட்டியிருக்கான், வீல் மேல இழுப்பே இல்ல, அதான் குத்தி நின்னுச்சு. டைட் குடுத்தா ஒட்டு விரிஞ்சு வீல் கோணுது. இந்த வீல் சிதறியிருந்தா என் புள்ள கதி என்ன?

போட்டோ எல்லாம் அனுப்பினேன். பாத்ததுக்கு நீல டிக் வருது, பதில் இல்ல. வேற நம்பர்ல இருந்து அடிச்சதுக்கு, "பட்டிய நீங்களே போட்டிருப்பீங்க, தோட்டத்துப் பக்கம் ஆளுங்களுக்கு மெசின் புடிக்கத் தெரியாது"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டான். நம்ம ஆளுன்னு பிளேன்டீ குடுத்த அதே வாய். 285,000 ரூபாய்க்கு அவன் தந்த பில்லுல "பழைய மெசின் 1"ன்னு மட்டுந்தான் இருக்கு, நம்பரும் இல்ல ஒன்னும் இல்ல.

வாங்கும்போது பாக்க வேண்டியத எல்லாம் விளக்கமா எழுதத்தான் ஒக்காந்தேன், மனசு ஓடல. அவசரத்துக்கு இத மட்டும் கேளுங்க. நம்ம கட்டைய, நம்ம பிளேட்ட கொண்டு போங்க, டைட் குடுத்து தடிச்ச கட்ட வெட்டிக் காட்டச் சொல்லுங்க, குத்தி வித்தைய நம்பாதீங்க. கரண்ட நிப்பாட்டி வீல்ல, ஆரக்கால்ல சின்னச் சுத்தியலால மெதுவா தட்டிப் பாருங்க, வெடிச்சிருந்தா சத்தம் கணீர்னு வராது. புதுப் பெயின்ட்னா ரப்பர கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க. ஜப்பான் மெசின்னா மோட்டர் தகட்ட வாசிங்க, அங்க வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. பில்லுல மெசின் நம்பர் எழுதி வாங்குங்க.

ஏமாந்தவங்க நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977ங்கிற நம்பருக்கு கோல் அடிங்க, நானும் அங்கதான் குடுத்திருக்கேன். அந்த யார்டுக்காரன் இத வாசிச்சா, 285,000 ரூபாயும் லொறிக் கூலியும் வந்து சேர்ற வரைக்கும் இந்தப் பதிவ எடுக்க மாட்டேன், ஒடஞ்ச வீலும் என் கையிலதான் இருக்கு.