எதிர்ச்சொல் அளவுகோலுக்கு கூகுள் ஃபார்ம்ஸ் தாங்குமா?

இரு முனைகளில் இரண்டு எதிர்ச்சொற்கள், இடையில் 7 கட்டங்கள். 1957இல் ஆஸ்குட், சூசி, டானன்பாம் மூவரும் நூலாக விளக்கிய அளவுகோல் இவ்வளவுதான். நல்லது–கெட்டது, வலியது–மெலியது, துடிப்பு–மந்தம் என இணைகளை அடுக்கினால், ஒரு பள்ளியையோ கட்சியையோ பற்றி மக்கள் நினைப்பதை எண்ணாக்கலாம். காசு செலவில்லாமல் இதைச் செய்ய கூகுள் ஃபார்ம்ஸின் 'லீனியர் ஸ்கேல்' பெரும்பாலும் போதும்.

தொடக்கம் 0 அல்லது 1, முடிவு அதிகபட்சம் 10. 1–7 என்றே வையுங்கள். 1–10 வைத்தால் நடுப்புள்ளி 5.5, அங்கே கட்டமே கிடையாது. குறை எண்களுக்கு இடமில்லாதது பெரிய குறை. −3 முதல் +3 வரை வைக்க முடிந்தால், விடையைத் திருப்ப, அதாவது அளவுகோலின் எதிர்முனையிலிருந்து எண்ண, குறியை மாற்றினாலே போதுமே.

ஏன் திருப்ப வேண்டும்? எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாக டிக் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் பாதி இணைகளில் நல்ல சொல்லை இடப்பக்கம் வைப்பது. கேள்வி வரிசையைக் கலைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது முனைகளை மாற்றாது. அப்படி முனை மாற்றி வைத்த இணைகளின் விடைகளைத் திருப்பும் கணக்கையும் கூகுள் ஷீட்ஸில் நாமேதான் போட வேண்டும்: சிறும எண்ணையும் பெரும எண்ணையும் கூட்டி, விடையைக் கழிக்க வேண்டும். 1–7க்கு 8, 0–10க்கு 10. பலர் வழுக்குவது காலிச் செல்லில். ஷீட்ஸ் அதை 0 என்று எடுத்துக்கொள்வதால் 8 − 0 = 8 என்று அளவுகோலிலேயே இல்லாத மதிப்பு வந்து நிற்கும். 'காலி என்றால் காலியாகவே விடு' என்ற நிபந்தனை கட்டாயம். சரிபார்க்கவும் வழி உண்டு: திருப்பிய பின் மாறுபாடு (விடைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) அப்படியே இருக்கும், மற்ற கேள்விகளோடு உள்ள ஒட்டுறவின் குறி மட்டும் மாறும். திருப்ப மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா சரியும், சில சமயம் குறை எண்ணாகவே வரும்.

பல கேள்விகளை ஒரே அட்டவணையில் அடுக்கும் ஃபார்ம்ஸின் 'மல்டிபிள் சாய்ஸ் கிரிட்' இதற்கு உதவாது. வரிசையின் இரு முனைகளிலும் சொல் வைக்க முடியாது.

தவறான இணையை மென்பொருள் தடுக்காது. காரம்–இனிப்பு எதிரெதிர் அல்ல. மாங்காய்த் தொக்கில் இரண்டும் இருக்கலாம். மகிழ்ச்சி இல்லாதவர் துயரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1988இல் வாட்சன், கிளார்க், டெல்லெகன் வெளியிட்ட பானாஸ் அளவுகோல் இன்ப உணர்வுக்கு 10 சொல், துன்ப உணர்வுக்கு 10 சொல் எனத் தனித்தனியாகவே அளக்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு கேள்விகளாகப் போடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு இணைகள் கொண்ட கல்லூரி ஆய்வுக்கு ஃபார்ம்ஸ் தாராளம். இருமுனை வரிசைகள் ஒரே அட்டவணையில் வேண்டுமென்றால் லைம்சர்வே என்ற கருத்துக்கணிப்பு மென்பொருள் நல்லது: இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு (|) போட்டால் இடமும் வலமுமாகப் பிரித்துக் காட்டும்.