‘அமெரிக்க அரசாங்க ஓடர்’ என்று சொல்லி எங்களிடம் 185,000 ரூபா பறித்தார்கள்

நேற்று இரவுதான் விஷயம் முழுதாக விளங்கியது. வயிறு எரிய எரியத்தான் இதை எழுதுகிறேன். திருகோணமலையில் சம்பூர்ப் பக்கம் ஏழு பெண்கள் சேர்ந்து தையல் நிலையம் நடத்துகிறோம். பாடசாலைச் சீருடை, படுக்கை விரிப்பு, துணிப்பை தைக்கிறோம். ஒன்லைன் ஆலோசனைச் சேவை ஒன்று எங்களிடம் 185,000 ரூபாவைச் சுருட்டிக்கொண்டது.

பின்தங்கிய கிராமத்துச் சிறு வியாபாரங்களுக்கு அமெரிக்க அரசு கொள்முதல் ஒதுக்குகிறது, பதிவு செய்து தருகிறோம் என்று போனில் தமிழ் விளம்பரம் வந்தது. எடுத்துக் கேட்டேன். ஒப்பந்தப் பணத்தில் ஹப்சோன் என்ற பின்தங்கிய இடங்களுக்கான பிரிவுக்கு 3 வீதம், பெண்களின் வியாபாரங்களுக்கு 5 வீதம் இலக்கு என்று அந்தப் பெடியன் கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கு உண்மை. அதுதான் கொடுமை.

பிறகு எங்களைப் பற்றிக் கேட்டான். 2006 இல் இடம்பெயர்ந்தது, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்தது, திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியேறியது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அக்கா, கிராமம், பெண்கள் தலைமை, பாதிக்கப்பட்ட சமூகம். மூன்று பிரிவுக்கும் உங்களுக்குத் தகுதி இருக்கு” என்றான். எத்தனையோ பேர் வந்து எங்கள் கதையை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைத் தகுதி என்று சொன்ன முதல் ஆள் அவன். அந்த இடத்தில்தான் நம்பினேன்.

முதலில் 85,000, சங்கச் சேமிப்பு. மூன்று கிழமை கழித்து 100,000. அதற்கு எங்களில் ஒருத்தி காப்பை அடகு வைத்தாள். அமெரிக்க இராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு ஓடர் தயாராக இருக்கிறதாம், பிந்தினால் வேறு ஆட்களுக்குப் போய்விடுமாம்.

கழுகுப் படம் போட்ட ‘சான்றிதழ்’ ஒன்று வந்தது. அதில் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அப்புறம் ஓடர் எங்கே என்று கேட்டால், “வாஷிங்டனில் இப்ப இரவு, அக்கா.” மறுநாள் அங்கே லீவு. பிறகு வேறு ஒருத்தி எடுத்து, உங்கள் கோவை மேலிடத்தில் இருக்கிறது, அடிக்கடி எடுக்க வேண்டாம் மிஸ் என்றாள். போன கிழமை அவர்களாகவே எடுத்தார்கள். வருடப் புதுப்பிப்புக்கு இன்னும் 40,000 கட்ட வேண்டுமாம்!

அப்போதுதான் நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மாவின் மகனிடம் சான்றிதழை அனுப்பினேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்தப் பன்னிரண்டும் சாம் (SAM.gov) என்ற அமெரிக்க அரசின் பதிவுத் தளத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் வெறும் பதிவிலக்கம். வருடா வருடம் புதுப்பிப்பதும் இலவசம். ஹப்சோன் என்பது அமெரிக்காவுக்குள் இருக்கிற பின்தங்கிய இடங்கள். கொம்பனியின் பிரதான அலுவலகம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், வேலையாட்களில் 35 வீதம் பேராவது அப்படியான இடத்தில் குடியிருக்க வேண்டும். பின்தங்கிய சமூகத்தினருக்கான 8(ஏ), பெண்களுக்கான பிரிவு, இரண்டிலும் குறைந்தது 51 வீத உரிமை அமெரிக்கப் பிரஜைகளிடம் இருக்க வேண்டும். அங்கத்தைய இராணுவம் துணிமணியைப் பொதுவாக உள்நாட்டில் செய்ததாகத்தான் வாங்கலாம், 1941 இலிருந்தே அந்த விதி இருக்கிறது. சம்பூரில் தைத்த விரிப்புக்கு எந்தப் பிரிவும் இல்லை. முதல் நாளே இது தெரிந்துதானே எங்களிடம் 185,000 ரூபா வாங்கினார்கள்?

இப்போது போன் வேலை செய்வதில்லை. வட்ஸ்அப்பிலும் தடுத்துவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் கேளுங்கள். சாம் பதிவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தகுதி இருக்கு என்று சொன்னால் எந்த விதியில் என்று எழுத்தில் கேளுங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் போனை வையுங்கள்.

நாளைக் காலை வங்கிச் சிட்டைகளோடு பொலிஸுக்குப் போகிறோம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் வேறு யாரும் இப்படிக் கட்டியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.