காஃப்காவா, சட்டப் பிரிவா? ஜெர்மன் வாசிப்பை எதில் தொடங்குவது?

பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் படிக்கப் போகிறவர்கள் முதல் வருஷமே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். அலசிப் படிக்கப் பழகுவதற்குக் கதையை எடுப்பதா, சட்டம், செய்தி, அறிக்கை என்று வறட்டுச் சரக்கை எடுப்பதா? பெரும்பாலோர் கதைப் பக்கம் ஓடுவார்கள். நான் வறட்டுச் சரக்கின் கட்சி.

ஆஸ்திரியாவின் 1867ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் 2ஆம் பிரிவு 'ஃபோர் டெம் கெஸெட்ஸெ' என்று தொடங்கும்: சட்டத்தின் முன் குடிமக்கள் எல்லோரும் சமம். அன்று ஆஸ்திரியாவின் கீழ் இருந்த ப்ராகில் வாழ்ந்த ஜெர்மன் மொழி எழுத்தாளர், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய காஃப்கா 1915இல் வெளியிட்ட குட்டிக்கதையும் அதே மூன்று சொற்களில்தான் தொடங்குகிறது, கடைசி 'எ' மட்டும் இல்லை: சட்டத்தின் முன் ஒரு வாயிற்காவலன் நிற்கிறான். சட்டப் பிரிவில் அந்த 'முன்' வெறும் தேய்ந்துபோன பேச்சு, யாரும் போய் நிற்கிற இடமில்லை. காஃப்கா அதை நிஜ இடமாக்கி, வாசல் வைத்து, காவலனை நிறுத்தி, உள்ளே போக வந்த கிராமத்து ஆளை ஆயுசு முழுக்க வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார். முதலாவதைப் படிக்காதவருக்கு இரண்டாவதில் இருக்கும் குறும்பு எப்படிப் பிடிபடும்?

சட்ட வாசகத்தில் தப்பாகப் படித்தால் உடனே மாட்டிக்கொள்வோம். ஜெர்மனியில் சட்ட மாணவர்கள் கேட்கும் கேள்விகள் நான்கு: சொல் என்ன சொல்கிறது, சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, எப்படி உருவானது, எதற்காக. ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்புச் சட்டத்தில் 'ஜெர்மானியர்கள் எல்லோரும்' சமம். 1949இல் வந்த மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் அது 'மனிதர்கள் எல்லோரும்' ஆகிறது. மாறியது ஒரே சொல், ஆனால் அதற்கு நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று எழுத உட்கார்ந்தால் ஒரு செமினார் கட்டுரை தேறும்.

செய்தியில் வேறொரு பாடம். வழக்கமான 'இஸ்ட்'டுக்குப் பதில் 'ஸை' போட்டு 'எர் ஸை க்ராங்க்' என்று நிருபர் எழுதினால், 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்' என்று அர்த்தம். சொன்னது அவர், பொறுப்பு என்னுடையது இல்லை. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் திணறும் இடம் இது, நமக்கு 'சரியில்லையாம்' என்பதன் கடைசியில் வரும் அந்த 'ஆம்' போதும்.

கதையில் இந்தப் பிடிமானம் கிடையாது. 1925இல் வந்த காஃப்காவின் 'விசாரணை' நாவலில் ஒரு பாதிரியாரும் கதாநாயகனும் இதே வாயிற்காவலன் கதையைப் பக்கம் பக்கமாக அலசுகிறார்கள், தீர்ப்பு மட்டும் வரவில்லை. அந்தச் சுதந்திரம் அருமையானதுதான், ஆனால் ஆரம்பத்திலேயே கிடைத்தால் 'மனித வாழ்வின் அபத்தம்' என்று நாலு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம், வாக்கியத்தைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கும் காஃப்காவே போதும். விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், மர இழைப்பு இயந்திரங்களில் சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு போட வேண்டும் என்று 1910இல் அறிக்கை எழுதியிருக்கிறார், விரல் துண்டான கைகளின் படங்களோடு. அதை முடித்துவிட்டு, குட்டிக்கதையில் காவலனின் மயிர்த்தோல் காலரில் தெள்ளுப்பூச்சி வருகிற இடத்துக்குப் போங்கள்.