விளம்பர வாசகமா, உத்தரவாத அட்டையா: முறைப்பாட்டுக்கு எது கைகொடுக்கும்?

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இரண்டாம் மாதமே பழுதாகி, கடைக்காரரும் கைவிரித்தபோது, எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. "மின்கட்டணம் பாதியாகும்" என்ற விளம்பரம் பொய்யென முறையிடலாம். அல்லது உத்தரவாத அட்டையை வைத்து நியாயம் கேட்கலாம். நான் அட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பிறருக்கும் அதையே சொல்வேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள், பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்க் கூற்றுகளையும் தடைசெய்கின்றன. ஆனால் அது குற்றவியல் வழி; நீதவான் விதிக்கும் தண்டப்பணம் அரசுக்கே போகும். எந்தப் பெட்டியோடு ஒப்பிட்டுப் "பாதி" என்கிறார்கள் என்பதும் விளம்பரத்தில் இருப்பதில்லை. மற்றவர்கள் ஏமாறாமல் தடுக்க இவ்வழி மிக அவசியம் என்றே நம்புகிறேன். எனினும், நானே நடத்திப் பார்க்காததால் அதன் வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அட்டையின் பலம் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ வழங்கிய உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், அதிகாரசபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடலாம். பயன் நேரே வாங்கியவருக்கு வருகிறது. என் விடயத்தில், விசாரணைக்கு அழைப்பு வந்ததும் கடையே கம்பிரசரை மாற்றித் தந்தது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காலக்கெடுதான். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டும். "கம்பிரசருக்குப் பத்து வருட வாரண்டி" என்று அட்டை சொன்னாலும், பெட்டி நாலாம் வருடத்தில் பழுதானால் இந்தக் கதவு அடைபட்டிருக்கும். எஞ்சுவது 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழான சிவில் வழக்கு, அதாவது சட்டத்தரணியும் செலவும். அந்தப் பத்து வருடமும் பெரும்பாலும் கம்பிரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். காஸ் நிரப்புவதும் கூலியும் சிறிய எழுத்தில் விலக்கப்பட்டிருக்கும்.

ஆகவே கடையை விட்டு வெளியேறுமுன் அட்டையில் தொடரிலக்கமும் திகதியும் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பற்றுச்சீட்டின் மை சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே போட்டோப்பிரதி எடுத்து, அட்டையோடு சேர்த்து வையுங்கள். பழுது தெரிந்தால், "அடுத்த கிழமை ஆள் வருவார்" என்று கடைக்காரர் தவணை சொல்லிக்கொண்டிருக்கும்போதே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.